கூலன்ட் எங்கே போகிறது? பத்து வருஷ டீசல் எஸ்.யு.வி. ஒன்றோடு மல்லுக்கட்டிய பதிவு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏ.சி. ஓட, ஏழு சீட்டும் நிறைந்து, பாதி தூரம் இரண்டாவது கியரிலேயே ஏறியும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு 97 டிகிரியைத் தாண்டவில்லை. வண்டி ஆறியபிறகு பானெட்டைத் திறந்தால் டேங்க்கில் அளவு கோட்டிலேயே நிற்கிறது. இது சாதாரண விஷயம் என்று புது வண்டிக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு இது பல மாத வேலைக்குக் கிடைத்த கூலி. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி 2014 மாடல். 2.2 லிட்டர் டீசல், மேனுவல் கியர், முன்சக்கர இழுவை, டர்போ. 1,28,000 கி.மீ. ஓடியிருந்தபோது இரண்டாவது ஓனரிடம் 4.7 லட்சத்துக்கு வாங்கினேன். எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் படிப்பவர்கள் பாதிப்பேர் அந்தக் கம்பெனியைத் திட்டவும் மீதிப்பேர் அதற்கு வக்காலத்து வாங்கவும் கிளம்பிவிடுவார்கள். இந்த வயசு டீசல் எஸ்.யு.வி. எதைக் கழற்றினாலும் கிட்டத்தட்ட இதே இடங்களில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

வாங்கும்போது பாடியை ஒழுங்காகவே பார்த்தேன். கதவு பீடிங்கை இழுத்துவிட்டு பில்லரில் ஸ்பாட் வெல்டு புள்ளிகள் சீராக இருக்கிறதா, கண்ணாடிகளில் ஒரே வருஷக் குறியீடு இருக்கிறதா என்றெல்லாம், அடிபட்டுச் சரிசெய்த வண்டியா என்று தெரிய, பார்த்தாயிற்று. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டிகள் கைமாறி எந்த ஊருக்கும் வந்திருக்கலாம் என்பதால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை தேடினேன். ஸ்டெப்னி குழியில் துரு தேடினேன். சுத்தம். ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் (வண்டிக் கடன் கொடுத்தவரின் உரிமைக் குறிப்பு) ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி முடித்தேன். பிரச்சினை அத்தனையும் இதற்குப் பிறகுதான்.

முதலில் தெரிந்தது கூலன்ட். எண்ணூறு கி.மீ. ஓடினால் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கிவிடும். வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. சமவெளியில் டெம்பரேச்சர் முள் நடுவில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். மலை ஏறினால் திடீரென்று கிளம்பும். நான் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில், "ஹெட் கேஸ்கெட் போயிருக்குங்க சார், எஞ்சின் மேல்பாகத்தை இறக்கித்தான் பாக்கணும்" என்றார்கள். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே, எரியும் வாயுவும் கூலன்ட்டும் கலக்காமல் அடைக்கும் தகடு. 55,000 ரூபாய் எஸ்டிமேட். இருக்கலாம்தான். ஆனால் எந்தச் சோதனையும் செய்யாமலே சொன்னார்கள். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கருவிகளில் போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

வாங்கியவை: கூலன்ட் பிரஷர் டெஸ்டர் 2,800 (கைப்பம்பும் மீட்டரும், பல அளவு மூடி அடாப்டர்களும் ஒரு பெட்டியில் வரும்), ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும்) 900, ஹெட் கேஸ்கெட் சோதிக்கும் நீலத் திரவமும் அதன் கண்ணாடிக் குழாயும் 1,600.

ஸ்கேனரை மாட்டியதுமே ஒன்று தெரிந்தது. டேஷ்போர்டு முள்ளை நம்பி ஓட்டக் கூடாது. கூலன்ட் 78 டிகிரியில் இருந்தாலும் 104 டிகிரியில் இருந்தாலும் முள் அதே நடுவில்தான் நிற்கிறது. சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஓட்டுபவர் பயப்படக் கூடாது என்று பல வண்டிகளில் வேண்டுமென்றே இப்படி அமைத்திருப்பார்கள். முள் நகரும்போது நிலைமை ஏற்கெனவே கை மீறிப் போயிருக்கும். அன்றிலிருந்து போனில் கூலன்ட் டிகிரி ஓடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்து நீலத் திரவம். எஞ்சின் சூடாக ஓடும்போது, டேங்க் வாயில் குழாயை வைத்து உள்ளேயிருந்து வரும் காற்றைத் திரவம் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். டேங்க்கில் அளவைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் செய்யுங்கள். கூலன்ட் குழாய்க்குள் ஏறினால் திரவம் வீண். கூடவே ஒரு எச்சரிக்கை. சூடான எஞ்சினில் மூடியைச் சட்டென்று திறந்தால் முகம் வெந்துவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியை எடுத்துவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்து சூடாக்கினேன். பத்து நிமிஷம் இழுத்தும் நீலம் நீலமாகவே இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு நாளும் பார்த்தேன். அதே நீலம். எஞ்சின் எண்ணெயில் கூலன்ட் கலந்தால் எண்ணெய் மூடிக்கு அடியில் வரும் வெண்ணெய்ப் படலமும் இல்லை. ஹெட் கேஸ்கெட்டை ஓரமாக வைத்தேன்.

பிறகு பிரஷர் டெஸ்டர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 15 பி.எஸ்.ஐ. (சுமார் 1 பார்) அழுத்தம் ஏற்றினேன். பத்து நிமிஷத்தில் அரை பி.எஸ்.ஐ. கூட இறங்கவில்லை. பழைய மூடியை அடாப்டரில் மாட்டிப் பார்த்தபோது, 1.4 பார் தாங்க வேண்டிய மூடி 0.8 பாரிலேயே காற்றை விட்டது. ஆகா, கண்டுபிடித்தாயிற்று என்று 380 ரூபாயில் புது மூடி போட்டேன். மலையில் முள் எகிறுவது கொஞ்சம் குறைந்தது. அளவு இறங்குவது நிற்கவில்லை. இன்னும் சொன்னால், புது மூடி அழுத்தத்தை ஒழுங்காகப் பிடித்து வைத்ததால் முன்னைவிட வேகமாக இறங்கியது. ஓட்டை எங்கோ இருக்கிறது, அது சூட்டிலும் முழு அழுத்தத்திலும் மட்டும் வாய் திறக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அதற்குள் காலைக் குளிரில் சைலன்சரில் வெள்ளைப் புகை கொஞ்சம் வந்தது. இந்த வகை டீசலில் இ.ஜி.ஆர். கூலர் (எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பும் முன் கூலன்ட்டால் ஆறவைக்கும் பகுதி) உள்ளுக்குள் விரிசல் விட்டால் கூலன்ட் வெளியே ஒழுகாமல் எஞ்சினுக்குள்ளேயே போய் எரிந்துவிடும். அறிகுறி பொருந்தியது, எனவே கூலரைக் கழற்றினேன். கழற்றுவது என்று ஒரே வார்த்தையில் எழுதுகிறேன். உண்மையில் பின்பக்கத்து இரண்டு போல்ட்டுக்கு 10 எம்.எம். சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், யூனிவர்சல் ஜாயின்ட் மூன்றையும் கோத்து, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் வேலை செய்ய வேண்டும். கூலன்ட் வரும் இரண்டு வாயையும் ரப்பர் கார்க்கால் அடைத்து, ஒன்றில் சைக்கிள் பம்பைச் செருகி, வாளித் தண்ணீரில் அமுக்கினேன். பஞ்சர் கடையில் டியூபை அமுக்குவார்களே, அதே மாதிரி. ஒரு குமிழ் கூட வரவில்லை. கூலர் நன்றாக இருக்கிறது. இ.ஜி.ஆர். வால்விலிருந்த கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்ததோடு சரி, கேஸ்கெட்டுக்கு 420 ரூபாய் செலவு. வெள்ளைப் புகை க்ளோ பிளக்கால் (குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடு தரும் பிளக்) வந்தது; நான்கில் ஒன்று செத்திருந்தது என்று பின்னால் மல்டிமீட்டர் சொன்னது. அந்தக் கணக்கு தனி.

கடைசியில் கைகொடுத்தது கூலன்ட்டில் கலக்கும் ஒளிரும் சாயம். சாயமும் புற ஊதா டார்ச்சும் சேர்த்து 850. டார்ச் மட்டும் தனியாக வாங்க வேண்டாம் என்றால், கடைகளில் ரூபாய் நோட்டைச் சரிபார்க்க வைத்திருப்பதே போதும். சாயத்தை ஊற்றி ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டினேன். ராத்திரி போர்ட்டிகோ விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போதே டார்ச்சைக் காட்டினேன். ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் கறுப்பு. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்குக்கு அடியில் பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடியை நீட்டினேன். அங்கே, பிளாஸ்டிக் அச்சில் வார்த்த கோடு இருக்குமல்லவா, அந்தக் கோட்டின் மேலேயே தலைமுடி அகலத்துக்கு மஞ்சள் கலந்த பச்சை எரிந்தது. கோட்டின் கீழ்முனையில் ஒரு மணி அளவு துளி திரண்டு, நகர்ந்து, சூடான எஞ்சின் பிளாக்கைத் தொட்டதும் ஆவியாகிப் போனது. அட்டையில் சொட்டு விழாததன் காரணம் அதுதான்.

ஹவுசிங்கைக் கழற்றி வெயிலில் வைத்துப் பார்த்தால் விரிசலே தெரியவில்லை. இரண்டு கையாலும் லேசாக முறுக்கினால்தான் கோடு பிரிகிறது. பத்து வருஷம் தினமும் 90 டிகிரி வரை ஏறி இறங்கிய பிளாஸ்டிக் அது.

தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்த புது ஹவுசிங் 2,650. கையோடு மேல், கீழ் ரேடியேட்டர் ஹோஸ் இரண்டையும் மாற்றினேன், 1,450. பழைய ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும், கிளாம்ப் உட்கார்ந்த இடத்தை நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. கோவை உக்கடத்துப் பழைய ஸ்பேர்ஸ் கடைகளில் கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், ஸ்விட்ச் என்று நிறைய வாங்கியிருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரப்பரும், சூடு படும் பிளாஸ்டிக்கும் அங்கே வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் உடைந்த அதே வயசுப் பொருளைத்தான் காசு கொடுத்து வாங்கி வருவீர்கள்.

கூலன்ட் நிரப்புவதில் இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் எழுதியிருக்கும் வகையைப் பார்க்க வேண்டும். முந்தைய ஓனர் எதை ஊற்றியிருந்தார் என்று தெரியாததால் எல்லாவற்றையும் இறக்கி, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, பாதிக்குப் பாதி கலந்து எட்டு லிட்டர் ஊற்றினேன். கான்சென்ட்ரேட் நான்கு லிட்டர் 1,600, தண்ணீர் 120. இரண்டு, காற்றை வெளியேற்றுவது. முன்சக்கரங்களை ராம்ப்பில் ஏற்றி டேங்க்கை உயரத்துக்குக் கொண்டுவந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸைத் துணி போட்டுப் பிடித்து அமுக்கி அமுக்கி விட வேண்டும். ஃபேன் தானாக ஓடி நிற்கும் வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டு மூடினால் காற்று தலைப்பக்கம் தங்கி, புதிதாக மாற்றியதும் சரியில்லையோ என்று சந்தேகப்பட வைக்கும்.

அப்புறம் டர்போ கதை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் விசிறிதான் டர்போ.

வண்டி கூலன்ட்டில் தேறிவரும்போதே பிக்கப் குறைய ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் அழுத்தினால் இரைச்சல் மட்டும் வரும், கறும்புகை வரும், வேகம் வராது. சில சமயம் எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி முடங்கும். சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஸ்கேனரில் பி0299, அதாவது டர்போ தர வேண்டிய அழுத்தம் வரவில்லை. அந்த எண்ணைப் பார்த்ததும், "டர்போ போயிருச்சு, ரீகண்டிஷன் பண்ணிரலாம், 38,000" என்று ஒரு எஸ்டிமேட் வந்தது. அழுத்தம் வரவில்லை என்றுதான் ஸ்கேனர் சொல்கிறது; ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது.

இன்டேக் ஹோஸைக் கழற்றி டர்போவின் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தேன். சுலபமாகச் சுழன்றது, சுவரில் உரசவில்லை, முன்பின் ஆட்டமும் கைக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருப்பது இயல்பு. ஆக, காற்று வழியில் எங்கோ போகிறது. இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சாதனம் செய்தேன். 63 எம்.எம். பி.வி.சி. எண்ட் கேப், அதன் நடுவில் ஓட்டை போட்டு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வு. மொத்தம் 110 ரூபாய். ஏர் ஃப்ளோ சென்சாருக்கு அடுத்த ஹோஸ் வாயில் இதை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, கம்ப்ரஸரில் மெதுவாகக் காற்று ஏற்ற வேண்டும். 8 பி.எஸ்.ஐ.க்கு மேல் போக வேண்டாம். எஞ்சின் பிரீதர் ஹோஸை (எஞ்சினின் உள் ஆவியைக் காற்று வழிக்கு விடும் குழாய்) முதலில் கழற்றி, அந்த வாயை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று எஞ்சினுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

சோப்புத் தண்ணீர் தேவையே படவில்லை. ஆறு பி.எஸ்.ஐ. ஏறியதுமே கீழிருந்து புஸ்ஸென்ற சத்தம். டர்போ ஊதும் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கு வரும் தடித்த ஹோஸ், கிளாம்ப்புக்கு ஒரு இன்ச் தள்ளி, மேலிருந்து பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில் நான்கு சென்டிமீட்டர் கிழிந்திருந்தது. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது கிழிசல் தானாக ஒட்டிக்கொள்ளும். டர்போ ஊதும்போதுதான் பிளக்கும். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்ததை முன்னமே கவனித்திருந்தால் பி.வி.சி. மூடிக்கு வேலையே இருந்திருக்காது. ஹோஸ் 2,300, நல்ல கிளாம்ப் இரண்டு 240. டர்போ ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் ஹோஸும் முனையில் வெடித்திருந்தது. அதை 180 ரூபாயில் நீளமாக வாங்கி எல்லா இடத்திலும் மாற்றினேன். இப்போது மூன்றாவது கியரில் முழுக்க அழுத்தினால் மேனிஃபோல்டு அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) 210 கே.பி.ஏ. தொடுகிறது. முன்பு 140-ஐத் தாண்டவில்லை. கறும்புகையும் போய்விட்டது.

சஸ்பென்ஷன் இதற்கு நடுவே நடந்தது. வேகத்தடையில் மெதுவாக ஏறினால் முன்பக்கம் டொக் டொக் என்று தட்டும். வேகமாகப் போனால் கேட்காது. இந்த மாதிரிச் சத்தத்துக்கு முதலில் லிங்க் ராடைப் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு) பாருங்கள். இரண்டு பக்கமும் 1,900. பாதிச் சத்தம் போனது. மீதி, லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு பிணைக்கும் கை) பின் புஷ், அதாவது ரப்பர் உறை. கடப்பாரையை நுழைத்து நெம்பியபோது ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து வாய் பிளந்தது. புது ஆர்ம் முழுசாக வாங்கினால் காசு அதிகம். புஷ் செட் மட்டும் 2,400. வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றலாமா என்று கேட்டதற்கு லேத் பட்டறைத் தம்பி, "அடிச்சு ஏத்தாதீங்ணா, கோணலாப் போயிரும். பிரஸ்ல வெச்சா ரெண்டே நிமிசம்" என்றார். 600 ரூபாய் கூலி. புஷ்ஷில் அம்புக்குறி இருந்தால் பழையது எந்தப் பக்கம் பார்த்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம் இங்கே உண்டு. ஆர்மின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. கையால் மட்டும் ஏற்றிவிட்டு, சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே ஓடி, சீக்கிரம் கிழியும். மாற்றிக் கொஞ்ச நாளிலேயே புஷ் போய்விட்டது, டூப்ளிகேட் ஐட்டம் என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் இதையும் யோசிக்கலாம். முடித்துவிட்டு வீல் அலைன்மென்ட், 700.

கணக்கு இப்படி வருகிறது. கருவிகள், சாயமும் டார்ச்சும் பி.வி.சி. மூடியும் உட்பட 6,260. கூலன்ட் வேலை 6,620. டர்போ பக்கம் 2,720. சஸ்பென்ஷன் 5,600. மொத்தம் 21,200. முதலில் சொன்ன இரண்டு எஸ்டிமேட்டும் சேர்ந்தால் 93,000. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் கூலி போடவில்லை, வீட்டில் போட்டிருக்கிறார்கள்.

போன பொருள்களை ஒரு டிரேயில் வைத்திருக்கிறேன்: மூடி, ஹவுசிங், ஹோஸ்கள், புஷ்கள். லிங்க் ராடையும் க்ளோ பிளக்கையும் விட்டால் இரும்பு ஒன்றுகூட இல்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் டர்போவும் 1,28,000 கி.மீ.யை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி வண்டிகளைக் கி.மீ. பார்த்து வாங்குவதைவிட வயசு பார்த்து வாங்குவதே சரி என்று இப்போது நினைக்கிறேன். அதே 2014 மாடல் 50,000 கி.மீ. மட்டும் ஓடி நிழலில் நின்றிருந்தாலும், அதன் ஹோஸும் புஷ்ஷும் பத்து வருஷம் பழசுதான். கி.மீ. குறைவென்று கூடுதலாகக் கேட்கும் ஒரு லட்சத்தை நான் கொடுக்க மாட்டேன்.

அடுத்த தடவை வண்டி பார்க்கப் போனால், முந்தின ராத்திரியே போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்வேன். குளிர்ந்த எஞ்சின் மறைக்காதவற்றைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். பையில் ஸ்கேனரும் பிரஷர் டெஸ்டரும் இருக்கும். மலை இல்லாவிட்டாலும் ஒரு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் முழுக்க அழுத்தி மேனிஃபோல்டு அழுத்தம் பார்ப்பேன். கிளட்சைத் தனியாகக் கவனிப்பேன். இந்த வண்டிகளில் ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைத் தாங்க இரண்டு பகுதியாகச் செய்த ஃப்ளைவீல்) இருந்தால், கிளட்சோடு அதையும் மாற்றும்போது மேலே போட்ட கணக்கு மொத்தத்தையும் அது ஒன்றே தின்றுவிடும். எஞ்சினை அணைக்கும்போது கடகடவென்று உதறினால் விலையை அங்கேயே குறைத்துக் கேட்க வேண்டும். என் வண்டியில் இன்னும் உதறல் இல்லை.

வாட்டர் பம்ப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். இந்த எஞ்சினில் அதைத் தொட வேண்டுமென்றால் டைமிங் பக்கத்தைத் திறக்க வேண்டும். பெல்ட் மாற்றும் நாளில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் பின் ஏ.சி. புளோயர். நான்காவது வேகத்தில் மட்டும்தான் ஓடுகிறது, மற்ற மூன்றும் செத்துவிட்டன. ரெசிஸ்டர்தான், 450 ரூபாய் பொருள். ஆனால் அதை எடுக்க மூன்றாவது வரிசையின் பக்கவாட்டு டிரிம் முழுவதையும் கழற்ற வேண்டும், பத்து வருஷக் கிளிப்புகள் எத்தனை உடையும் என்று தெரியாது. டஜன் கிளிப் முதலில் வாங்கி வைத்துவிட்டுத்தான் கை வைக்கப் போகிறேன்.